சிதறும் குண்டுகள்: சுடுமுன் தேட வேண்டிய காரணங்கள்

குறி தவறுவதாகச் சொல்லப்படும் ரைஃபிளைக் கையில் எடுப்பவர் முதலில் அறிய வேண்டியது, குண்டுகள் ஓரிடத்தில் நெருங்கி விழுந்து அந்த இடம் மட்டும் குறியைவிட்டு விலகியிருக்கிறதா, அல்லது இலக்குத்தாள் முழுவதும் அவை சிதறி விழுகின்றனவா என்பதாகும். முன்னதைக் குறிமுள்ளைச் சற்று நகர்த்தித் திருத்திவிடலாம். பின்னதே உண்மையான பழுது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோனாலும், அக்காலத்து ·315 ரைஃபிள்கள் உரிமத்துடன் இன்றும் புழங்குகின்றன. ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் பரவிய இந்த அளவில், இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலை லீ என்ஃபீல்டு அமைப்பைத் தழுவி ரைஃபிள் செய்தது. வாங்கக்கூடிய தோட்டாக்களுக்கு உரிமமே வரம்பு கட்டுவதால், சுட்டுப் பார்த்துச் சோதிப்பதைக் கடைசிக்கு ஒதுக்கி, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சுடாமல் கண்டறியக்கூடியவற்றை முதலில் தேடுவதே முறை.

அவற்றுள் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது மரக்கட்டை. கொமரலிங்கம் போன்ற அமராவதிக் கரை ஊர்களில் ஐப்பசி மழையும் வயல் ஈரமும் மரத்தை ஊதவைக்க, சித்திரை வெயில் அதையே சுருக்குகிறது. குழலைத் தாங்கும் முன்கட்டை இப்படி மாறும்போது, குழலின்மீது அது தரும் அழுத்தமும் மாறி, சுடும்போது குழல் அதிரும் விதமே வேறாகிவிடுகிறது. லீ என்ஃபீல்டு வகையில் முன்கட்டையை இறுக்கும் திருகுக்குள் ஓர் உலோக வளையம் உண்டு. மரம் சுருங்கிவிட்டால், திருகு வளையத்தில் முட்டி இறுகியதுபோல் தோன்றுமே தவிர, கட்டை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். குழலும் கட்டை நுனியும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு திருகை மெல்லத் தளர்த்தும்போது அசைவு தட்டுப்பட்டால், குழல் இழுபட்டு நிற்கிறது என்று பொருள். சில ரைஃபிள்களில் கட்டை குழலைத் தொடும்படியே அமைத்திருப்பார்கள் என்பதால், தொடுவது தவறன்று, நாளுக்கு நாள் மாறித் தொடுவதே தவறு.

அடுத்தது குழலின் வாய் விளிம்பு. குண்டு கடைசியாக விட்டுப் பிரியும் இடம் இதுவாகையால், இங்குள்ள சிறு பிசிறுகூட வெளியேறும் வாயுவை ஒரு பக்கமாகத் தள்ளி, குண்டைத் திசைதிருப்பும். பஞ்சு சுற்றிய குச்சியால் விளிம்பைச் சுற்றித் தடவினால், இழை சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கும். துப்புரவுக் கோலை வாய்ப்பக்கமிருந்து நுழைப்பதே விளிம்பு இப்படிப் பழுதாவதற்கு வழக்கமான காரணம். திருப்பூர்ப் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் குழலின் உட்புறத்தைத் துடைக்க நல்லதுதான், நூல் உதிராத துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். அம்மோனியா கலந்த திரவத்தில் நனைத்து உள்ளே ஓட்டிய துணி நீலமாக வெளிவந்தால், குண்டின் மேலுறையிலிருந்து பிரிந்த செம்பு, குழலின் சுழல்வரிகளில் இன்னும் படிந்திருக்கிறது.

இவற்றுக்குப் பிறகே சுடுதளம். மணல்மூட்டையில் சாய்த்து, ஒரே தொகுதித் தோட்டாக்களைக் கொண்டு, குழல் ஆற இடைவெளி விட்டுச் சுட வேண்டும். சூடேற ஏற அடிகள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் சந்தேகம் மீண்டும் கட்டையின் மேல்தான் விழும். ஒழுங்கின்றிச் சிதறினால் தளர்ந்த குறிமுள்ளையோ தோட்டாவையோ சோதிக்கலாம். இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது, அதைக் கண்டறிய இன்னொரு பெட்டித் தோட்டா செலவாகும்.