பஞ்சிகாவத்தைக்கு ஒரு பயணம்

யாழ்ப்பாணத்தில் "ஏ போட்டி" என்று சொன்னால் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 கார்தான் அது. கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் வாடகைக்கு ஓடிய கார். எங்கள் வீட்டிலும் 1953ஆம் ஆண்டு சோமசெற் ஒன்று நின்றது. என் கணவர் அதை ஓட்டித்தான் குடும்பத்தைப் பார்த்தார்.

1990இல் பாதை மூடப்பட்டு எரிபொருளுக்குத் தடை வந்தபோது பெற்றோல் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். வீதி எல்லாம் புகை மணக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மூன்று கிழவிகளையும் ஒரு நிறைமாதக்காரியையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கார் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. 1996இல் ஊருக்குத் திரும்பினோம். அந்த ஆடி மாதம் அலுவலாகச் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை.

கார் இருபது வருடம் கொட்டிலில் கல்லின்மேல் நின்றது. பழைய இரும்புக்குக் கேட்டுப் பலர் வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. அவர் வந்து "கார் எங்கை?" என்று கேட்டால் என்ன சொல்வது?

2016இல் மகன் சொன்னான்: "அம்மா, இப்ப மாப்பிள்ளை பொம்பிளை ஏத்தப் பழைய கார்தான் கேக்கினம். திருத்தினால் உழைக்கலாம்." எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணை எஞ்சினைக் கழற்றினார். நான்கு சிலிண்டர்களும் தேய்ந்திருந்தன. மண்ணெண்ணெய் பெற்றோல் போல முழுதாக ஆவியாகாதாம். எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஒயில் இல்லாத இடத்தில் இரும்போடு இரும்பு உராயும். தடைக்காலம் எங்கள் உடம்பை மட்டும் தேய்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிஸ்ரனின் தலையில் 020 என்று பொறித்திருந்தது. முன்பு ஒருமுறை சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு பெருப்பித்துக் கடைந்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். அது ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். அவர் எப்போது செய்தாரோ, என்னிடம் சொன்னதில்லை. இனி 040 அளவுக்குக் கடைந்தால்தான் சுவர் சீராகும் என்றார் அண்ணை.

"அப்ப உடனை கடையுங்கோவன்" என்றேன்.

"இல்லைத் தங்கச்சி. கடையிறது ஒரு நாள் வேலை. கடைஞ்ச இரும்பு திரும்ப வராது. முதல்லை பிஸ்ரன் கைக்கு வரவேணும். அதை அளந்து பாத்துத்தான் நான் கடைவன்."

மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு காப்பை அடகு வைத்து, பழைய பிஸ்ரன் ஒன்றைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறினேன். முன்பு ரோச் பற்றறிகூடக் கொண்டுவர விடாத அதே பாதை. ஒவ்வொரு சந்தியிலும் பஸ் மெதுவாகப் போனபோது என் கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்தது. ஒருவரும் மறிக்கவில்லை.

பஞ்சிகாவத்தை கொழும்பில் மருதானைப் பக்கம். வாகனப் பாகம் விற்கும் கடைகளே வீதி நெடுக. கியர்ப் பெட்டியும் கதவும் றேடியேற்றரும் நடைபாதைவரை அடுக்கியிருக்கும். கடைகளில் ஆண்கள்தான். சேலையோடு நின்ற என்னை, புருசனைத் தேடி வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

முதற் கடையில் "ஏ40 பிஸ்ரன்" என்றேன். பெடியன் உடனே ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். காசை எடுக்கப் போனவள், அண்ணை சொன்னது நினைவு வர, என் பிஸ்ரனை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். புதியது ஒல்லியாக இருந்தது. மேசையில் இருந்த முஸ்லிம் முதலாளி எழுந்து வந்து கலிப்பரால் இரண்டையும் அளந்தார்.

"தங்கச்சி, ஏ40ன்னு பல கார் வந்திச்சு. ஒங்கட 1200 எஞ்சின், 65 மில்லிமீற்றருக்கு மேல. இது 1958ல வந்த ஃபரினாட 948 எஞ்சின், 63தான் வரும். பேரு ஒண்ணு, சாமான் வேற. நல்ல வேளை, பழசக் கொண்டு வந்தீங்க."

விற்கப் போன பெட்டியை அவரே திரும்ப உள்ளே வைத்தார். பிறகு பெடியனை என்னோடு அனுப்பினார். நான்கு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் 030 இருந்தது. அது எங்கள் தேய்மானத்துக்குப் போதாது. ஐந்தாவது கடை ஒரு சிங்கள ஐயாவுடையது. என் பிஸ்ரனைக் கையில் உருட்டிப் பார்த்து "தாத்தாவின் கார்" என்று ஏதோ சொன்னார். பேரனுக்குச் சொல்கிறார் போல என்று நினைத்தேன். "தாத்தா எண்டா அவங்க பாஷையில அப்பா" என்றான் பெடியன். அவருடைய அப்பாவும் சோமசெற் ஓட்டியவராம். பரணில் ஏறி, தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினார். எண்ணெய்த் தாளைப் பிரித்தால் நான்கு பிஸ்ரன். நான்கிலும் 040. றிங்கும் கூடவே இருந்தது. விலையையும் கொஞ்சம் குறைத்தார்.

அண்ணை நான்கையும் தனித்தனியே அளந்து எழுதி, அதன்பிறகே சிலிண்டரைக் கடையக் கொடுத்தார். எஞ்சின் ஸ்ராட் ஆன அன்று நான் குசினிக்குள் நின்றேன். அந்தச் சத்தம் கேட்டதும் கை தானாக அவருக்குத் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டது.

முதல் கலியாண ஓட்டக் காசில் ஒரு காப்பு மீண்டது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, "பழையபடி மண்ணெண்ணெய் விடலாமே" என்றார்கள். மாட்டேன் என்று கொட்டிலில் நிறுத்திவிட்டேன். பெற்றோல் வந்த பிறகுதான் எடுத்தோம்.

சகோதரிகளே, தையல் மெசினோ, தண்ணீர்ப் பம்போ, பழைய காரோ, பாகம் வாங்கப் போனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். எஞ்சின் இலக்கத்தையும் பாகத்தில் பொறித்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பொருத்தமானது கைக்கு வரும்வரை எதையும் வெட்டவோ கடையவோ விடாதீர்கள்.

பழைய பிஸ்ரன் நான்கையும் மகன் இரும்புக்குப் போடப் போனான். மூன்றைக் கொடுத்தேன். என்னோடு கொழும்புக்கு வந்தது அலுமாரியில் இருக்கிறது.