பாட்டனார் பிறந்த நாடு

பெற்றோர் பிறந்த நாடு ஒன்றாகவும் தாம் வளர்ந்த நாடு பிறிதொன்றாகவும் உள்ள உதைபந்தாட்ட வீரர் இன்று பலர். அவர்கள் எந்நாட்டின் சீருடையை அணியலாம் என்பதற்கு ஃபிஃபா என்னும் உலகச் சம்மேளனம் விதிகளை வகுத்துள்ளது. ஒரு நாட்டின் பிரசாவுரிமையைப் பெறும் வீரர் அந்நாட்டில் பிறந்தவராயிராவிடினும், தாயோ தந்தையோ, பாட்டனோ பாட்டியோ அங்குப் பிறந்திருப்பின் அதுவே போதுமானது. 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இளவயதில் ஒரு நாட்டுக்குச் சில போட்டிகளே ஆடியவர், சில நிபந்தனைகளுக்கு அமைய மற்றொரு நாட்டுக்கு மாறவும் இயலும்.

இவ்விதியால் இலங்கையும் பயனடைந்துள்ளது. ஜெர்மனியின் டைனமோ டிரெஸ்டன் கழகத்தில் ஆடிய குளோடியோ கம்மர்க்னெக்ட் முதலானோர் 2024 இல் நம் அணியிற் சேர்ந்தனர். இரத்தினபுரிக்கு அண்மையிலுள்ள எங்கள் இறப்பர்த் தோட்டத்து இளைஞர் அதனைப் பெருமையுடன் பேசினர். நானும் மகிழ்ந்தேன். ஆயினும், மூதாதையர் பிறந்த இடத்தைக் கொண்டு ஒருவரின் நாட்டைத் தீர்மானித்தல் எங்கள் மக்களுக்குப் புதிய செய்தியன்று.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் பாட்டனாரின் பிறப்பிடத்தை வினவியது. இந்நாட்டில் ஒருவர் பிறந்திருந்தால் மட்டும் போதாது; அவருடைய தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தாய்வழி கணக்கிற் கொள்ளப்படவில்லை. லயத்து அறைகளில் வாழ்ந்தோரிடம் அக்காலத்துப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஏது? விளையாட்டு வீரருக்குக் கதவைத் திறக்கும் அதே வினா, எங்களவர் இலட்சக்கணக்கானோருக்குக் கதவை அடைத்தது.

1964 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. என் பாட்டனாரும் அவருடைய தமையனாரும் ஒரே லயத்திற் பிறந்தவர்கள். பாட்டனாருக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்தது. தமையனாரோ தலைமன்னாரிற் கப்பலேறிக் கூடலூர்த் தேயிலைத் தோட்டமொன்றைச் சென்றடைந்தார். அவர் வேண்டிய நாடு ஒன்று. வழங்கப்பட்ட நாடு மற்றொன்று.

அவருடைய பேரன், எனக்குத் தம்பி முறையானவன், இன்று கூடலூரில் உதைபந்தாடுகின்றான். பாட்டனார் இரத்தினபுரியிற் பிறந்தவராதலால், இலங்கைப் பிரசாவுரிமை பெற்றால் இலங்கை அணிக்கு ஆட ஃபிஃபாவின் விதி அவனைத் தடுக்காது. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2013 இல் இந்திய அணிக்கு ஆடிய இசுமி அராட்டா அதன்பொருட்டுத் தம் ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்தார். என் தம்பியும் இங்கு ஆட விழைந்தால், அவன் பாட்டனாருக்கு வேண்டாமலே வழங்கப்பட்ட இந்தியக் குடியுரிமையைத் துறக்க நேரும்.

2003 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்தது. அது வரவேற்கத்தக்கதே; கப்பலேறியோரை அது மீட்டுத்தரவில்லை. ஒரு வீரன் எந்நாட்டுக்கு ஆடுவது என்பதை அவனிடமே கேட்கின்றனர். அவன் விடைக்காகச் சம்மேளனங்கள் காத்திருக்கின்றன. பந்தாடுவோனுக்குக் காட்டப்படும் இந்த மரியாதை, பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் இந்நாட்டை வளர்த்தோருக்கு ஏன் காட்டப்படவில்லை என்பதே என் வினா.