ஒரு லேன், ஆறு பேர்

தினமும் காலையில் பெரியவர்கள் நீச்சல் கிளப்பில் பயிற்சி எடுக்கிறேன். குளத்தின் நீளம் 50 மீட்டர். லேன் அகலமோ வெறும் 2.5 மீட்டர். அதில் நாங்க ஆறு பேர்!

நம்ம ரோடு மாதிரிதான். போகும்போதும் திரும்பும்போதும் அவரவர் இடப்பக்கம். ஒருவர் கிளம்பி 5 விநாடி கழித்தே அடுத்தவர். முந்த வேண்டுமா? முன்னால் போகிறவர் பாதத்தை லேசாகத் தொட்டால் போதும். சுவர் வந்ததும் மூலையில் ஒதுங்கி வழிவிடுவார்.

எங்க லேனில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், முழங்கால் வலிக்காக நீந்துகிறார். நாம் தண்ணீரை வாரியடித்து முந்தினால் நாளைக்கு அவர் வரமாட்டார். "தம்பி, நீ முன்னால போப்பா" என்பார். "மூச்சு வாங்கிட்டு நிதானமா வாங்க சார்" என்போம். வேகமாக நீந்தக் கோச் கற்றுத் தருவார். விட்டுக்கொடுக்க நாமேதான் பழகணும்!