பழைய கருவியும் தொலைந்த கணக்கும்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறியபோது, மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களிலும் கிராமங்களிலும் பெற்றோர் கையில் கிடைத்த கருவியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். கடன்பட்டு வாங்கிய போன், யாரோ பாவித்துவிட்டு விற்ற டெப், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன தாய் அனுப்பி வைத்த கருவி என்று அவை பலவகை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. புதிதாக ஒன்று வாங்கும் எண்ணத்தையே பல குடும்பங்கள் கைவிட்டன. அதனால் ரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கத்து வீடுகளில் அந்தப் பழைய கருவிகளே இன்றும் பாடத்துக்கும் வங்கி அலுவலுக்கும் வெளிநாட்டு அழைப்புக்கும் துணை நிற்கின்றன. இவற்றைக் கடைசியில் வீட்டு மூலையில் முடக்கிப் போடுவது பழுதான பாகத்தைவிடத் தொலைந்துபோன கணக்குதான் என்பது என் உறுதியான எண்ணம். பழுதுக்கு ஊரில் வைத்தியம் உண்டு. தொலைந்த கணக்குக்கு ஊரில் எவரிடமும் வைத்தியம் இல்லை.

பாகங்களின் கதையை முதலில் பார்ப்போம். பழைய கணினியை இயக்கியதும் திரை இருண்டு, பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால், பெரும்பாலும் ரேம் அட்டையின் பொன்னிறப் பற்களில் அழுக்கோ ஈரமோ படிந்திருக்கும். அட்டையைக் கழற்றிப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் பொருத்தினாலே பல கணினிகள் எழுந்துவிடும். மிக மெதுவாக இயங்கும் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். டெப்பின் முதுகு உப்பினால் பெட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். அதற்குமேல் சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல் கடைக்குக் கொண்டுபோய் மாற்ற வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை பெய்யும் மலைப்பகுதியில் மின்னலால் கருகும் பவர் சப்ளையைக்கூட வேறொரு செத்த கணினியிலிருந்து எடுத்துப் பொருத்திவிடலாம். இந்த வேலைகளுக்கான கைத்திறன் மாத்தளை நகரத்துக் கடைகளில் இருக்கிறது. பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு அகப்படுகிறது, காசுக்கும் ஒரு கணக்கு உண்டு.

கணக்கு விடயத்தில் இவை எதுவுமே இல்லை. டெப் ஒன்று இயங்கத் தொடங்கும்போதே லோகோவில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பவர் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் மீட்புப் பட்டியல் வரும். அதில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் கருவி புதிதுபோல எழும்பும். எழும்பி, வைஃபையில் இணைந்ததும், இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடு என்று கேட்கும். இந்தப் பாதுகாப்பு 2015 இல் அண்ட்ரொய்ட் 5.1 உடன் வந்தது. அப்பிள் கருவிகளில் இதையொத்த பூட்டு 2013 இலேயே வந்துவிட்டது. கருவி இயங்கும்போதே செட்டிங்ஸ் வழியாகச் சென்று அழித்தால் அண்ட்ரொய்டில் இந்தப் பூட்டு விழாது. வெளியிலிருந்து பொத்தான்களை அழுத்தி அழித்தால் விழும். இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால், திருத்தப் போன கருவியே முழுதாகப் பூட்டிக்கொள்கிறது. திரை நன்றாக ஒளிர்கிறது, பெட்டரி நிற்கிறது, தொட்டால் பதில் தருகிறது. ஆனாலும் அது எவருக்கும் பயன்படாது.

கணக்கு எப்படித் தொலைகிறது என்று தேடினால், மக்களின் கவலையீனத்தைவிட அவர்களது வாழ்க்கையின் அமைப்பே காரணமாக நிற்கும். கொமினிகேஷன் கடையில் அவசரத்தில் திறந்து கொடுத்த கணக்கில் பிறந்த திகதி வாயில் வந்த ஒன்றாக இருக்கும். கடவுச்சொல் கடைக்காரருக்குத்தான் தெரிந்திருக்கும். தாய் வளைகுடா நாட்டில் இருந்தபோது திறந்த கணக்குக்கு அந்நாட்டு சிம் இலக்கமே சாட்சி. அவர் ஊர் திரும்பியதும் அந்த சிம் செத்துவிடும். சரிபார்க்கும் குறியீடு, வேறொருவருக்குப் போய்விட்ட இலக்கத்துக்குச் செல்லும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கப்போவதாக 2023 மே மாதத்தில் கூகுள் அறிவித்தது. அந்த ஆண்டு டிசெம்பரிலிருந்து அது நடைமுறைக்கும் வந்தது. பரீட்சை முடிந்ததும் அலுமாரியில் வைத்த டெப்பைத் தம்பிக்காக எடுக்கும்போது, அக்காவின் படங்களும் குறிப்புகளும் கணக்கோடு போயிருக்கலாம்.

இந்த இரண்டு வகைக் கோளாறும் ஒன்றின் வேடத்தில் மற்றொன்று வருவதும் உண்டு. கணினியின் தாய்ப்பலகையில் 2032 என்று பொறித்த, காசு அளவிலான 3 வோல்ட் பெட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால், கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் பழைய ஆண்டொன்றையே காட்டும். அப்போது பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழ்களைப் பிரவுசர் ஏற்காது. எந்தக் கணக்குக்குள்ளும் நுழைய முடியாதவர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றி, இருந்த கணக்கையும் சிக்கலாக்கிக்கொள்வார். மாற்ற வேண்டியது மலிவான ஒரு பெட்டரி மட்டுமே. மறுபக்கம், கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி நிரம்பினால் மின்னஞ்சல் வருவது நின்றுவிடும். போன் பழுது என்று எண்ணி அதை அழிக்கச் சொல்பவரும் உண்டு. ஆகவே பழைய கருவி தகராறு செய்தால், அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: அதன் திகதி சரியா, அதிலுள்ள கணக்கின் கடவுச்சொல் யாருக்காவது தெரியுமா.

பூட்டு இல்லாவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூட்டை நீக்கும்படி நான் கேட்கவில்லை. சொந்தக்காரர் பற்றுச்சீட்டோடும் அடையாள அட்டையோடும் போய்த் தன்னை நிரூபிக்க மாவட்டத்துக்குள் ஓர் இடம் வேண்டும் என்றே கேட்கிறேன். எல்கடுவையிலிருந்து வரும் தொழிலாளி ஒருநாள் சம்பளத்தை விட்டு மாத்தளை நகரத்துக்கு வருகிறார். அங்கும் கேட்பதற்கு ஆளில்லாமல், ஆங்கிலத்தில் ஒரு படிவம் மட்டும் திரையில் நின்றால், அந்தப் பூட்டு அவரையும் திருடனையும் ஒன்றாகவே நடத்துகிறது.

பழைய கருவியே ஆபத்து, தூக்கிப் போடுவதுதான் நல்லது என்பது இன்னொரு வாதம். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது உண்மை. வீட்டுப் பாவனையாளர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அவற்றைப் பெறவும் மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும். ஆயுளை நீட்டும் வழியும் கணக்கின் வழியாகவே செல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அதுவும் முடிந்த பின், விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில் லினக்ஸ் போட்டு, பாடத்துக்கும் தட்டச்சுக்கும் தொடர்ந்து பாவிக்கலாம்.

கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்களே என்பது மூன்றாவது தடை. அலுவலக மேசையில் ஒட்டி வைப்பது தவறு. பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் இருக்கும் பெட்டிக்குள் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது தவறல்ல. தொலைவிலிருந்து களவாடுபவனின் கை அந்தப் பெட்டிக்கு எட்டாது. மாத்தளை நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அலுவிகாரையில்தான், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாகவே காக்கப்பட்டுவந்த திரிபிடகத்தைப் பௌத்த பிக்குகள் ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. பஞ்சமும் போரும் மனனம் செய்தவர்களையே கொண்டுபோய்விடும் என்ற அச்சம் அவர்களை எழுத வைத்தது. நினைவை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை அறிந்த மண் இது.

எனவே வாசகரிடம் என் வேண்டுகோள் இது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், கணக்கு திறக்கும்போது கொடுத்த பிறந்த திகதி, மீட்பு இலக்கம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கூகுளின் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டால், ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும் பத்து மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். சிம் தொலைந்தாலும் அவை கைகொடுக்கும். பாவித்த கருவியை வாங்கும்போது, விற்பவர் தன் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கிய பிறகே காசைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் அந்த சிம் உயிரோடு இருக்கும்போதே இலக்கத்தை மாற்றட்டும். பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்கள் ஒரே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால் போதும். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கருவி இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, இந்த வாரத்திலேயே, இதைச் செய்துவிடுங்கள்.