தனுஷ்கோடியில் படித்த சுற்றுலா

சுற்றுலா மேலாண்மை முதுகலையில் முதல் பருவத்திலேயே ஒரு கோடு வரையக் கற்றுத் தருவார்கள். 1980-இல் ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் ‘கனடியன் ஜியாக்ரஃபர்’ இதழில் வெளியிட்ட கோடு அது. கிடைமட்டத்தில் காலம், செங்குத்தில் பயணிகளின் எண்ணிக்கை. முதலில் நாலைந்து பேர் ஓர் ஊரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இடம் கொடுக்கிறார்கள், சோறு போடுகிறார்கள். பிறகு வெளியிலிருந்து முதலீடு வருகிறது, ஓட்டல்கள் எழுகின்றன. கோடு விறுவிறுவென்று மேலே ஏறி ஓரிடத்தில் தட்டையாகிவிடும். அதற்குப் பின் சரிவு, இல்லையென்றால் புத்துயிர். ஊட்டி, கோவா, பாலி என்று எந்த ஊரைச் சொன்னாலும் இந்தக் கோட்டில் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது பாடத்தில் நிலைத்திருப்பதற்கு அந்த வசதியும் ஒரு காரணம்.

அந்தக் கோட்டுக்குள் அடங்காத ஊர் ஒன்றில்தான் எனக்குக் களப்பணி அமைந்தது. வகுப்பில் பலர் கொடைக்கானலைக் கேட்டார்கள், சிலர் காரைக்குடியை. எங்கள் குழுவுக்கு ராமேசுவரம் தீவு வந்தது. அதன் கிழக்குக் கோடியில் தனுஷ்கோடி.

இந்தப் படிப்பைப் பற்றி வெளியே உள்ள எண்ணம் வேறு, உள்ளே இருப்பது வேறு. நான் சேர்ந்தபோது அப்பா கேட்டார்: “படிச்சு முடிச்சா ஓட்டல் வாசல்ல நின்னு வணக்கம் சொல்லணுமாப்பா?” அவர் கவலையில் நியாயம் இருந்தது. பாடத்தில் ஒரு பாதி கைத்தொழில்தான். மதுரை விமான நிலையத்துக்கு ஐஎக்ஸ்எம், சென்னைக்கு எம்ஏஏ என்று மூன்றெழுத்துக் குறியீடுகளை மனப்பாடம் செய்வது, அமடேயஸ் மென்பொருளில் டிக்கெட் போடுவது, அறை வாடகை, வண்டி, கைடு, டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜுக்கு விலை போடுவது. என்னோடு படித்தவர்களில் பலருக்கு வேலை வாங்கித் தந்தது இந்தப் பாதிதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

மறு பாதி, சுற்றுலாத் தல மேம்பாடு. எனக்குப் பித்துப் பிடித்தது அதில்தான். ஓர் ஊருக்கு ஆட்கள் வருவார்கள் என்றால் அவர்கள் எந்த வழியாக வருவார்கள், எங்கே இறங்குவார்கள், என்ன குடிப்பார்கள், கழிப்பறைக்கு எங்கே போவார்கள், அவர்கள் விட்டுப்போகும் குப்பையை யார் அள்ளுவார்கள் என்று யோசிக்கச் சொல்லும் படிப்பு அது. ராமேசுவரத்தையே எடுத்துக்கொண்டால், கோயில் அறநிலையத் துறையிடம், குப்பை நகராட்சியிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், கடலும் காடும் வனத்துறையிடம். அங்கே வரும் ஒரு குடும்பமோ காலையில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து, மதியம் தனுஷ்கோடிக்கு வண்டி ஏறுகிறது. ஒரே நாளில் அத்தனை அலுவலகங்களின் எல்லைகளையும் தாண்டிவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் ஒரு நாளை முழுதாகப் பார்க்கும் பொறுப்பு எந்த மேசையிலும் கிடையாது. அப்படியொரு மேசைக்கு ஆள் தயார் செய்வதுதான் இந்தப் படிப்பின் வேலை என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

இனி தனுஷ்கோடி. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடித் துறையில் இறங்கலாம். அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். அங்கே மறுபடி ரயில், கொழும்பு வரை. போட் மெயில் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது இந்தப் பயணத்தைத்தான். கடலுக்குள் நீண்ட அந்த மணல் நாக்கில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் ஒன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலைக்குள் போனது.

பாம்பன் பாலமும் அந்தப் புயலில் உடைந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் அதை 46 நாட்களில் சீர்செய்து ரயிலை ஓட்டினார்கள். அந்த ரயில் ராமேசுவரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடி குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவிக்கப்பட்டது. பாலத்துக்குக் காட்டிய அவசரத்தை அந்த ஊருக்கு யாரும் காட்டவில்லை.

இதைப் பட்லரின் தாளில் வரைந்து பாருங்கள். 1914 முதல் ஐம்பது ஆண்டுகள் கோடு ஓர் உயரத்தில் போகிறது. ஒரே இரவில் தரைக்கு வந்துவிடுகிறது. பயணிகள் மிகுந்து ஊர் சீரழிந்ததால் வந்த சரிவு என்று இதைச் சொல்ல முடியாது. பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கோடு தரையோடு கிடக்கிறது. அதற்கப்புறம் இடிந்த தேவாலயத்தையும் தண்டவாளத்தின் மிச்சத்தையும் பார்க்கவென்றே கூட்டம் வர, மெல்ல நிமிர்கிறது. கோடு தரையோடு கிடந்த அத்தனை ஆண்டுகளும் மீனவக் குடும்பத்தினர் அங்கே ஓலைக் குடிசை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். கரைவலை இழுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தக் கடற்கரையிலேயே முதுமை எய்தினார்கள். செங்குத்துக் கோட்டில் நாம் எழுதியிருப்பது ‘பயணிகள்’ என்பதால் அவர்களுக்கு அந்தத் தாளில் புள்ளி கிடையாது. வகுப்பில் எத்தனையோ முறை வரைந்த படத்தில் இது எனக்குத் தெரியவில்லை. தனுஷ்கோடியை அதில் பொருத்தப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாங்கள் போனது சாலை போட்ட பிறகு. அதற்கு முன்பு பயணிகளின் வண்டிகள் முகுந்தராயர் சத்திரம் என்ற இடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலிலும் சேற்றிலும் ஓடப் பழகிய வேன்களில்தான் போக வேண்டும். ஓட்டுபவர்கள் உள்ளூர்க்காரர்கள். எந்த மாதத்தில் எந்தத் தடம் இறுகியிருக்கும், எங்கே சக்கரம் புதையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. பேருந்தும் காரும் நேரே முனைவரை போயின. வேன்களுக்குச் சவாரி இல்லாமல் போனது.

சாலையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பொரித்த மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேள்வித்தாளை நீட்டிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. “ரோடு நல்லதுதான் தம்பி. ராத்திரி ஆசுபத்திரி அவசரமுன்னா இப்ப ஆட்டோ வந்துருது. ஆனா வர்றவுக நேரா முனைக்குப் போயி போட்டா எடுத்துட்டு அப்புடியே திரும்பிர்றாக. முன்ன வேன்ல வந்தா ரெண்டு மணி நேரமாச்சும் இங்கன நிப்பாக, மீனு திம்பாக, சங்கு பாசி வாங்குவாக.”

எங்கள் பாடப்புத்தகம் ஓர் அத்தியாயத்தில் சொல்லும் ‘கசிவு’ இதுதான். பயணி செலவழிக்கும் பணம் அந்த ஊரில் நிற்காமல் வெளியே போய்விடுவது. புத்தகத்தில் உதாரணங்கள் எல்லாம் கரீபியன் தீவுகள், வெளிநாட்டு ஓட்டல் குழுமங்கள். இங்கே ஒரு காரின் வேகம் அதே காரியத்தைச் செய்துவிடுகிறது. அறை எடுப்பது ராமேசுவரத்தில், பெட்ரோல் போடுவது ராமநாதபுரத்தில், மாலை ஆனதும் காவலர்கள் முனையிலிருந்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தனுஷ்கோடிக்கு மிஞ்சுவது தண்ணீர் பாட்டில்கள்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த அந்த மணலில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன் மேலே மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. பெண்கள் கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பார்கள். மெதுவாக ஊறும் நீரைச் சிறு கிண்ணத்தால் மொண்டு குடத்தில் சேர்ப்பார்கள். ஆழத் தோண்டினால் உப்புக் கரிக்கும், அவசரப்பட்டு இறைத்தாலும் கரிக்கும். எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் கைப்பழக்கமாக அறிந்திருக்கிறார்கள். தாங்குதிறன் என்ற பாடத்துக்கு இதைவிடத் துல்லியமான செய்முறை விளக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. நாங்கள் எடுத்துப்போன கணக்கெடுப்புப் படிவத்திலோ வண்டி நிறுத்துமிடம், நிழற்குடை, செல்ஃபி எடுக்கும் இடம், கழிப்பறை என்று கட்டங்கள் இருந்தன. ஊற்றுக்குக் கட்டம் இல்லை. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தோம்.

எண்ணிக்கை நம் துறையின் பெருமிதம். 2022-இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை 21 கோடிக்கும் மேல் என்கிறது அரசுக் கணக்கு. மாநில மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7.2 கோடி. எண்ணப்படுவது வருகை, மனிதர்கள் அல்லர். மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி என்று ஒரே சுற்றில் போய்வரும் குடும்பம் மூன்று ஊர்க் கணக்கிலும் ஏறிவிடும். அதனால் அந்த எண் பொய்யாகிவிடாது. ஆனால் அது கூடக்கூட ஊர் நன்றாக இருக்கிறது என்று படிக்கும் பழக்கம் தவறு. கொடைக்கானலும் ஊட்டியும் அதற்குச் சாட்சி. நீலகிரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் போவதாகத் தெரியவந்தபின், 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் உச்ச வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எத்தனை வண்டி தாங்கும் என்ற ஆய்வு சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஆய்வு முதலில், எண் பிறகு என்று நாங்கள் படித்தோம். நடப்பில் நெரிசல் முதலில், வழக்கு அடுத்து, எண் அதற்கடுத்து, ஆய்வு கடைசியில். நாடெங்கும் இந்தத் துறையில் பட்டம் பெற்றவர்கள் இத்தனை பேர் இருந்தும் இந்த வரிசை இப்படித் தலைகீழாகக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ராமேசுவரத்துக்குப் பயணிகள் வருவது புதிதல்ல. சேதுக் கரையின் மணலைக் காசிக்கு எடுத்துப் போய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்பவர்கள் நூற்றாண்டுகளாக இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சேதுபதிகளும் தஞ்சை மராட்டியரும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். 1801-இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தஞ்சையில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு இந்தச் சத்திரங்கள் பற்றி ஒரு கடிதம் எழுதினார். நூலகத்தில் வேறொன்றைத் தேடும்போது அதைப் படித்தேன். எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசி. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று அறிவிப்பார்கள். நோயில் விழுந்த பயணியை மருத்துவர் பார்ப்பார். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. வழியில் இறந்தவருக்கு இறுதிச் சடங்கு. ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு. அது சாதி அடுக்குகள் கலைந்த காலமல்ல. அந்தச் சோற்றுக்கு விளைச்சல் கொடுத்த உழவர்களைப் பற்றிக் கடிதம் பேசவும் இல்லை. ஆனாலும் ஒரு பயணிக்கு வழியில் என்னென்ன நேரும் என்று பசி முதல் மரணம் வரை வரிசையாக யோசித்த ஆவணம் அது. நான் பார்த்த விரிவான திட்ட அறிக்கைகளில், நடு இரவில் பசியோடு வந்து நிற்பவரைப் பற்றி ஒரு வரியும் கண்டதில்லை. தல மேம்பாட்டுப் பாடத்தில் பட்லருக்கு முன்னால் இந்தக் கடிதத்தை வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அண்டை மாநிலத்திலும் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2008-இல் கேரள அரசு பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஊர்களில் குமரகம் ஒன்று. ரிசார்ட்டுகளின் அடுப்படிக்குப் போகும் காய்கறியை வெளிச்சந்தையில் வாங்காமல், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் விளைவித்ததை வாங்க வைத்தார்கள். கசிவை அடைக்க வழி தேடி அவர்கள் முதலில் நுழைந்தது சமையலறைக்குள்.

மறுபடி ராமேசுவரம் தீவுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் பாம்பனில் செங்குத்தாகத் தூக்கும் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தனுஷ்கோடியில் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயம் அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 525 ஹெக்டேரில். பறவை பார்க்க வருகிறவன் முனையில் ஒரு படம் எடுத்துவிட்டு ஓடமாட்டான், காத்திருப்பான். அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் ஊருக்குப் பிழைப்பு இருக்கிறது. ஆகவே வழிகாட்டி உரிமம் கொடுப்பதென்றால், மணல் தடங்களை அறிந்த பழைய வேன் ஓட்டுநர்களுக்கும் கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது முதலில் போக வேண்டும். நுழைவுக் கட்டணம் வைத்தால் அதில் ஒரு பங்கு அந்தக் குடியிருப்புக்கே திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்பதை, வழக்கு வரும்வரை காத்திராமல் இப்போதே அளந்து சொல்ல வேண்டும். கழிப்பறை கட்டுவார்கள், கட்டத்தான் வேண்டும். அதன் தொட்டிக்குக் குழி வெட்டும் இடத்தை, எந்த மணலில் ஊற்று எடுக்கிறோம் என்று தெரிந்த பெண்களை நிறுத்திக் கேட்ட பிறகு குறிக்கட்டும்.