ஜூன் மாதத்துக் கடை

கடைப் பலகையில் புத்தக நிலையம் என்று எழுதியிருந்தாலும் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது நோட்டும் பேனாவும்தான். திண்டிவனம் நேரு வீதியில் தாத்தா கடை வைத்தபோது சிலேட்டு, பலப்பம், பஞ்சாங்கம், வியாபாரிகளுக்கான பேரேடு இவற்றைத்தான் விற்றார். 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்த பிறகு பாடப் புத்தகமும் கடைக்கு வந்தது. விலையை அட்டையிலேயே அச்சடித்துவிடுவார்கள். கடைக்காரருக்குச் சிறு கமிஷன்தான். புத்தகம் வாங்க வருகிறவர் கூடவே நோட்டும், அட்டை போடப் பழுப்புத் தாளும், லேபிளும் வாங்கினால்தான் நாலு காசு நிற்கும்.

அதனால் மே மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடம் கிடங்காகிவிடும். சிவகாசியிலிருந்து நோட்டுப் பண்டல்கள் லாரியில் வரும். பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் வகையறாவுக்கு அப்பா சென்னை பாரிமுனைக்குப் போய்வருவார். நாலு கோடு, இரட்டைக் கோடு, கட்டம் போட்டது, கோடில்லாதது என்று பிரித்து வகுப்புவாரியாக செட் கட்டுவோம். அம்மா, அத்தை, பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. ஜூனில் கல்லாவில் விழுகிற பணம்தான் அடுத்த மே வரைக்கும் ஓட வேண்டும்.

1993 செப்டம்பர் 30இல் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. புதிய அலுவலகங்களுக்கு ஃபைல், டேக், கார்பன், ஸ்டென்சில் என்று தேவை பெருகும் எனக் கணக்கிட்டு அப்பா விழுப்புரத்தில் ஒரு கிளை திறந்தார். கணக்கு பொய்க்கவில்லை. பல வருஷம் திண்டிவனத்தை விட அங்கேதான் வியாபாரம் நன்றாக நடந்தது.

2011ஐப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. அப்போது நான் பி.காம். முடித்துவிட்டுக் கடையில் உட்காரத் தொடங்கியிருந்தேன். சமச்சீர் கல்விச் சட்டம் 2010இலேயே வந்துவிட்டது. ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கி, 2011இல் பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே பாடநூல் என்பது ஏற்பாடு. மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தை நிறுத்திவைக்க, மெட்ரிக் பள்ளிகள் பழைய புத்தகங்களுக்கே திரும்பின. பள்ளிகள் கொடுத்த பட்டியல்படி தனியார் பதிப்பகங்களின் மெட்ரிக் புத்தகங்களை அப்பா ரொக்கம் கொடுத்து எடுத்தார். ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பள்ளி திறப்பு ஜூன் 15க்குத் தள்ளிப்போனது. வழக்கு சென்னைக்கும் டெல்லிக்குமாக அலைந்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி, பத்து நாளுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்கு அது நல்ல தீர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். எங்கள் அலமாரியில் இருந்த சரக்கு மட்டும் அன்று மாலையே பழைய பேப்பர் ஆகிவிட்டது.

மறுநாளிலிருந்து பெற்றோர் வரத் தொடங்கினார்கள். மயிலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளின் புத்தகங்களையும் அட்டை கிழியாமல் பையில் கொண்டுவந்திருந்தார். “அண்ணே, கேஸ் நடக்குறது எனக்கு என்னா தெரியும்? வாங்கச் சொன்னாங்க, வாங்கிட்டேன்” என்றார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று எங்கள் பில்லிலேயே அச்சடித்திருந்தது. அதை நான் எடுத்துச் சொல்வதற்குள் அப்பா பாதி விலையைக் கணக்குப் போட்டு, அந்தத் தொகைக்கு நோட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கேள்விப்பட்டு வந்த எல்லோருக்கும் அப்படியே செய்தார்.

இரவு கடை கட்டும்போது அவரிடம் சண்டை போட்டேன். நமக்கு யார் பாதி விலை தருவார்கள் என்று கேட்டேன். “யாரும் தர மாட்டாங்க. ஆனா அவங்க பதிப்பகத்து வாசல்ல போயி நிக்க முடியாது, நம்ம வாசல்லதான் நிக்க முடியும்” என்றார். அதற்குமேல் பேசவில்லை. புத்தகங்கள் கிலோ கணக்கில் போயின.

அடுத்த ஆண்டு விழுப்புரம் கிளையை மூடினோம். அப்பாவின் தயாளம்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன். பழைய பில் புத்தகங்களை எடுத்துப் பார்த்தபோதுதான் சங்கதி வேறு என்று புரிந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசமாகக் கிடைத்தது. பிறகு நோட்டும் கிடைத்தது. அது கிடைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை. தனியார் பள்ளிகளோ பள்ளியின் பெயர் அச்சடித்த நோட்டுகளைத் தாங்களே விற்கத் தொடங்கிவிட்டன. வெளியில் வாங்கக் கூடாது என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். ஜூன் மாதம் கடைத்தெருவை விட்டுப் பள்ளி வளாகத்துக்குள் போய்விட்டது. அப்பா பாதி விலை கொடுத்திருக்காவிட்டாலும் அந்தக் கிளை நின்றிருக்காது.

நான் கொள்முதல் செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். வாய்வார்த்தையை நம்பிப் பாடப் புத்தகம் எடுப்பதில்லை. முன்பணம் வந்தால்தான் ஆர்டர் போடுவேன். 2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து என்று ஜூன் 9ஆம் தேதி அறிவித்தார்கள். வினா வங்கி வாங்கியிருந்த சிலர், கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்கள். பாதி விலைக்கு நோட்டு கொடுத்தேன். பில்லில் இருந்த அந்த வாசகத்தை அடுத்த அச்சில் எடுத்துவிட்டேன்.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுக்கும் பென்சிலுக்கும் ஜிஎஸ்டி இல்லை. அதுவரை நோட்டுக்கு 12 சதவீதம். வாங்குகிறவருக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நோட்டு எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் உரிமை. பள்ளி கட்டாயப்படுத்தினால் கேள்வி கேளுங்கள். எங்கள் கடையில் இப்போது ஒரு அலமாரி நிறையச் சிறுவர் கதைப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். ஜூனில் மட்டும் வராமல் இடையிலும் ஒருநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும்.