சிறுபிள்ளையுடன் ஓர் இந்தியப் பயணம்

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேறும் காலம் வந்துவிட்டால் என் உம்மாவின் பேச்செல்லாம் நாகூரைப் பற்றியதாகவே இருக்கும். "மௌத்தாக முந்தி ஒருக்கா நாகூரப் பாத்திரணும்" என்பார். சென்ற ஜனவரியில் அல்லாஹ் அதற்கு வழி செய்தான். உம்மா, கணவர், இரண்டரை வயது மகன், நான் என நால்வர் புறப்பட்டோம்.

சென்னை, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என எட்டு நாட்களுக்குக் கணவர் கொப்பித் தாளில் நிரல் எழுதி வைத்திருந்தார். நாங்கள் பார்த்ததோ முதல் இரண்டு ஊர்களை மட்டுமே. அதற்கான காரணத்தையும் அதனால் கற்றுக்கொண்டதையும் எழுதினால், பிள்ளையோடு பயணம் போகவிருக்கும் சகோதரிகளுக்கு உதவும் என எண்ணுகிறேன்.

புறப்படும் முன்

தமிழ்நாட்டுக் கரையோரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். பிள்ளையோடு போவதற்கு ஜனவரி, பெப்ரவரி மாதங்களே ஏற்றவை.

எவ்வளவு சிறிய பிள்ளையானாலும் தனிக் கடவுச்சீட்டும் தனி விசாவும் வேண்டும். இரண்டு வயது பூர்த்தியான பிள்ளைக்கு விமானத்தில் தனி ஆசனம் எடுக்க வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைக்குக் காது வலிக்கும். அந்நேரம் பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள். விழுங்க விழுங்க வலி குறையும். இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே என்பதால் பிள்ளையின் தூக்கம் குழம்பாது.

தடுப்பூசிகள் ஒழுங்காகப் போடப்பட்டுள்ளனவா என்று குடும்ப வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். பையில் வெப்பமானி, நான்கைந்து ஜீவனிப் பக்கெட்டுகள், பிள்ளை வழக்கமாகக் குடிக்கும் காய்ச்சல் மருந்து ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். அங்கே வாங்கும் பரசிட்டமோல் பாணி மருந்து ஒரே அளவானதல்ல. 5 மில்லி லீற்றரில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்காமல் நம் ஊர்க் கணக்கில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது.

பேசுவது தமிழானாலும் சில சொற்கள் வேறு. நம் போத்தல் அங்கே பாட்டில், பம்பர்ஸ் டயப்பர், பால்மா பால் பவுடர். "பனடோல்" என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார்.

சென்னையில் செய்த தவறு

திருவல்லிக்கேணியில் தங்கினோம். 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. ஹலால் உணவுக்கும் குறையில்லை. மெரீனா கடற்கரையும் பக்கத்திலேயே. பிள்ளைக்கு அப்போதைக்கப்போது வேகவைத்த இட்லி, இடியாப்பம் என்பன பாதுகாப்பானவை. பழமென்றால் நாமே தோலுரிக்கும் வாழைப்பழமும் தோடம்பழமும் நல்லது.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் முதல் நாளே தியாகராய நகரில் துணிக்கடைகள், மண்ணடியில் ஓர் உறவினர் வீடு, மாலையில் மெரீனா என்று அலைந்தோம். பிள்ளை பகல் தூங்கவில்லை. வெயிலில் அழுதவனை அமர்த்துவதற்காக வீதியோரத்தில் ஐஸ் போட்ட பழச்சாறு வாங்கிக் கொடுத்தேன். தண்ணீரை மூடி உடைத்த போத்தலில் மட்டுமே கொடுத்துவந்த நான், அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததென்று யோசிக்கவில்லை.

ரயிலில்

மறுநாள் இரவு நாகூருக்கு ரயில் ஏறினோம். சென்னையிலிருந்து காரைக்கால் செல்லும் இரவு ரயில் நாகூர் வழியாகவே போகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கட் தேவையில்லை. ஆனால் படுக்கையும் கிடைக்காது. தாயோடுதான் படுக்க வேண்டும். ஆகவே முற்பதிவின்போதே கீழ்ப் படுக்கையைக் கேளுங்கள். பிள்ளையைச் சுவர்ப்பக்கம் படுக்கவைத்து, ஒரு போர்வையைச் சுருட்டி விளிம்பில் வையுங்கள். மஃரிபையும் இஷாவையும் சேர்த்து, இஷாவை மட்டும் சுருக்கித் தொழும் சலுகை பயணிக்கு உண்டு. ரயில் ஏறுமுன் தொழுதுகொண்டால் இரவு முழுவதும் பிள்ளையைக் கவனிக்கலாம்.

நாகூரில்

நாகூரில் இறங்கும்போதே மகனுக்கு வயிற்றோட்டம் தொடங்கியிருந்தது. உம்மாவைக் கணவர் தர்காவுக்கு அழைத்துப் போனார். நான் அறையிலேயே இருந்தேன். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. அன்று அதன் உச்சியை மட்டும் ஜன்னலால் பார்த்தேன்.

பகலாகும்போது பிள்ளையின் நாக்கு உலர்ந்துவிட்டது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. அழுதான், ஆனால் கண்ணில் நீர் இல்லை. அதைக் கண்டதும் என் கை கால்கள் நடுங்கின.

"நாளைக் காலையில் கீழக்கரைக்கு வாகனம் வருகிறதே, முற்பணமும் கொடுத்தாயிற்றே" என்றார் கணவர். உம்மா உடனே சொன்னார்: "காசு போனா போகட்டும் மகன். நான் பாக்க வந்தத வாசல்ல நிண்டு பாத்துட்டன். புள்ளயப் பாப்பம்."

வைத்தியர் ஊசி எதுவும் போடவில்லை. "உப்புக் கரைசலை ஒழுங்காகக் கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்" என்றார். ஜீவனியை, பக்கெட்டில் சொன்னபடி ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதையும் கரைத்தோம். பாதிப் பக்கெட்டை ஊகத்தில் கரைப்பது ஆபத்து. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி லீற்றர், அதற்கு மேற்பட்டவருக்கு 100 முதல் 200 மில்லி லீற்றர் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். இந்தியக் கடைகளில் வாங்குவதானால் உலக சுகாதார அமைப்பின் முறைப்படி தயாரித்த தூளைக் கேளுங்கள். ஒரு லீற்றருக்கான பக்கெட்டும் 200 மில்லி லீற்றருக்கான பக்கெட்டும் உண்டு. அளவைப் பார்த்துக் கரையுங்கள். இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகமாட்டா.

சிறுநீர் நின்றுபோதல், கண் குழிதல், கண்ணீர் வராமை, எழுப்பியும் எழாத சோர்வு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் ஓடுங்கள். எந்த ஊரில் இறங்கினாலும் வைத்தியர் எங்கே இருக்கிறார் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுவதும் உம்மாவும் நானும் முறைவைத்துக் கரண்டியால் ஊட்டினோம். தங்குமிடத்து வயதான பெண்மணி, "கவலப்படாத மகளே" என்று சொல்லி, கேட்காமலே கஞ்சி காய்ச்சித் தந்தார். ஸுபஹ் தொழுது முடிக்கையில் மகன் எழுந்து பால் கேட்டு அழுதான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிள்ளையின் கண்ணீரைக் கண்டு ஒரு தாய் சந்தோஷப்படுவாள் என்று அன்றுதான் அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ்!

கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் போகவில்லை. மேலும் மூன்று நாட்கள் நாகூரிலேயே இருந்தோம். அஸருக்குப் பின் வெயில் தணிந்ததும் தர்காவுக்குப் போவோம். ஜமாதுல் ஆகிர் மாதத்துக் கந்தூரி நாட்களில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. சிறுபிள்ளையோடு அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது. நாங்கள் போன நாட்களில் கூட்டம் குறைவு. மகன் புறாக்களைத் துரத்தி விளையாடினான். உம்மா ஆறுதலாக அமர்ந்து ஓதினார். நிரலின்படி ஓடியிருந்தால் அவருக்கு அங்கே கிடைத்திருப்பது ஒரு மணித்தியாலம்தான்.

பலர் சேர்ந்து பயணம் போகும்போது ஒருவரை அமீராக்கிக்கொள்வது சுன்னத். சிறுபிள்ளை இருக்கும் பயணத்தில் அந்தப் பிள்ளையின் உடல்நிலையே அமீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நில் என்றால் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். பகல் தூக்கத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். காணாமல் விட்ட ஊர்கள் எங்கும் போய்விடா. இன்ஷா அல்லாஹ், பிள்ளை வளர்ந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.